வெயில் வைத்த கரும்புள்ளிகள்: அடையாளம் காண்பதிலிருந்து மங்கவைப்பது வரை முழுமையான வழிகாட்டி

கம்பத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் கிளம்பிவிடும். சாயங்காலம் திரும்பி வந்து இறங்குகிறவர்களில் யாராவது ஒருவர் கடைப் படியேறி, புறங்கையை என் முன்னால் நீட்டுவது வழக்கமாகிவிட்டது.

"அண்ணே, இதுக்கு ஒரு கிரீம் குடுங்க. பத்து நாள்ல போகணும், மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு."

"பத்து நாள்ல போற புள்ளி இல்லக்கா இது. மூணு மாசம் ஆகும். உக்காருங்க, சொல்றேன்."

அந்த அக்காவுக்கு நின்றபடியே கொஞ்சம் சொன்னேன். கடையில் கூட்டம் இருந்ததால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அன்று விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். எதை எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

புள்ளி எப்படி வருகிறது

தோலின் மேல்படலத்துக்கு அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அவை மெலனின் என்ற நிறமியைச் செய்து, பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய செல் அந்த நிறமியைத் தன் உட்கருவுக்கு மேலே குடைபோலக் கவிழ்த்துக்கொள்கிறது. உட்கருவில் இருக்கும் மரபுப்பொருள் சிதையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆக, வெயிலில் கறுப்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை.

வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வெயில் விழுந்துகொண்டே இருந்தால் அங்கே இந்த ஏற்பாடு கெட்டுப்போகிறது. மெலனோசைட்டுகள் வெயில் இல்லாத நாளிலும் நிறமியைச் செய்துகொண்டே இருக்கும். அந்த இடம் பழுப்பாகவோ கரும்பழுப்பாகவோ, விளிம்பு தெளிவாக, தட்டையாகத் தங்கிவிடும். மருத்துவர்கள் இதை சோலார் லென்டிகோ என்பார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் வருகிறது. அதனால் வயதுப் புள்ளி என்ற பெயரும் உண்டு. ஆனாலும் உண்மையான காரணம் அதுவரை சேர்ந்த வெயில்தான். சட்டைக்குள் இருக்கும் முதுகையும் புறங்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றுதான், புள்ளி புறங்கையில்தான் இருக்கும்.

கல்லீரல் சூடு, பித்தம், ரத்தம் கெட்டுப்போனது என்று சொல்லி லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். இந்தப் புள்ளிக்கும் கல்லீரலுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல முழுக்கைச் சட்டை வாங்கலாம்.

சூடு தெரியாத வெயில்

நம் பக்கத்து ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கறுக்கவைப்பது சூடு இல்லை, வெளிச்சம்.

போடியில் இருந்து போடிமெட்டுக்கு ஏறினால் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் கூடுகிறது. மேலே காற்று சிலுசிலுவென்று இருக்கும். வெயிலே இல்லை என்று முக்காட்டை இறக்கிவிடுவோம். ஆனால் 1000 மீட்டர் ஏறும்போது புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, குறைவதில்லை. லேசான மேகத்தையும் மூடுபனியையும் தாண்டி அதில் பெரும்பகுதி கீழே வந்துவிடும். ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்கள் இருப்பதால் ஓரளவு தப்பிக்கலாம். தேயிலைக் காட்டில் நாள் முழுக்கத் திறந்தவெளி. தேவிகுளம், பீர்மேடு பக்கம் கொழுந்து பறிக்கும் நம் சனங்களின் கன்னத்து மேட்டில் கருந்திட்டு அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புற ஊதாக் கதிரில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வகை இரண்டு. யு.வி.பி காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணி வரை கடுமையாக இருக்கும், தோலைச் சுட்டெரிப்பது அதுதான். யு.வி.ஏ காலையிலும் மாலையிலும்கூட இருக்கும், தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், சாதாரணக் கண்ணாடியையும் தாண்டும். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடக் கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கித் தொங்கியது, வலக் கன்னம் அப்படி இல்லை. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். குமுளி ரோட்டில் வருடக்கணக்கில் வண்டி ஓட்டும் அண்ணன்மார் தங்கள் வலக் கன்னத்தையும் வலது முழங்கையையும் கண்ணாடியில் ஒருமுறை பார்க்க வேண்டும். முன்கண்ணாடி யு.வி.ஏ-வைப் பெருமளவு தடுத்துவிடும், பக்கக் கண்ணாடி அந்த அளவு தடுக்காது.

அன்றன்றைய புற ஊதாக் கதிர் அளவைக் குறியீட்டு எண்ணாகச் சொல்வார்கள். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கோடையில் இதை இடவாரியாக வெளியிட்டு, 6, 7 என்றால் மஞ்சள், 8 முதல் 10 வரை ஆரஞ்சு, 11-ம் அதற்கு மேலும் என்றால் சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. இடுக்கிக்கு வேலைக்குப் போகிறவர்கள் போனில் அதைப் பார்க்கலாம். மாசி முதல் சித்திரை வரை நம் அட்சரேகையில் நடுப்பகல் எண் 11-ஐத் தொடுவது சாதாரணம்.

முதல் படி: இது எந்தக் கறுப்பு?

இதை விட்டுவிட்டு கிரீம் வாங்குவதால்தான் பாதிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். நம் தோலில் வரும் கறுப்பு எல்லாம் ஒன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, சிலவற்றுக்கு வைத்தியமே வேண்டாம்.

உண்மையான வெயில் புள்ளி தட்டையாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அது இருக்கும் இடமே தெரியாது. மிளகு அளவிலிருந்து ஒரு ரூபாய்க் காசு அளவு வரை வரலாம். புறங்கை, முன்கை, நெற்றி, கன்னம், கழுத்துக்குக் கீழே சட்டை திறந்திருக்கும் இடம் ஆகியவைதான் அது வரும் இடங்கள். அரிக்காது, வலிக்காது.

இரண்டு கன்னத்திலும் பட்டாம்பூச்சி இறக்கை விரித்ததுபோல, விளிம்பு மங்கலாகப் படர்ந்திருந்தால் அது மங்கு. மலை ஏறினால் மலையாளத்தில் இதையே கரிமங்கல்யம் என்பார்கள். கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி, வெயில் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும். மங்குக்கு லேசர் வைத்தால் பல நேரம் இன்னும் மோசமாகும். வெயில் புள்ளிக்கு லேசர் நன்றாகக் கேட்கும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரே முகத்தில் இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் கடுகு கடுகாக மேடிட்ட கறுப்பு மணிகள் இருந்தால் அது மருவின் ஒரு வகை. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும், எந்தக் கிரீமுக்கும் போகாது. மெழுகை உருக்கி ஒட்டவைத்ததுபோலச் சொரசொரப்பாக, நகத்தால் பெயர்த்து எடுத்துவிடலாம் போலத் தோன்றினால் அது செபோரிக் கெரட்டோசிஸ். அதுவும் தீங்கு இல்லாத முதுமைத் தோல் வளர்ச்சிதான். நகத்தால் பெயர்க்க மட்டும் கூடாது, ரத்தம் வந்து புண்ணாகும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. கிரீம் வாங்கும் காசில் வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நெற்றியோரமும் காதோரமும் கறுத்து வந்தால் தலைச் சாயத்தை நினைத்துப் பாருங்கள். கருஞ்சாயத்தில் இருக்கும் பி.பி.டி என்ற பொருள் பலருக்கு ஒவ்வாமை தந்து அந்த இடத்தைக் கறுக்கவைக்கும். பரு வந்து போன இடம், கொசு கடித்துச் சொறிந்த இடம், பொட்டுப் பசை பட்ட இடம் எல்லாம் கறுப்பது அழற்சிக்குப் பின் வரும் கறுப்பு. காரணத்தை நிறுத்தினால் மாதக்கணக்கில் தானாக மங்கும்.

மாத்திரையும் ஒரு காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயாசைடு வகை, டாக்சிசைக்ளின், இதயத்துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவை தோலை வெயிலுக்குக் கூச்சப்படவைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. கறுப்பு இல்லை, வெள்ளை. முழங்காலுக்குக் கீழேயும் முன்கையிலும் அரிசி உடைத்துத் தெளித்ததுபோலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். வெண்குஷ்டம் வந்துவிட்டது என்று பயந்து, கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்த ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். வயதோடும் வெயிலோடும் சேர்ந்து வரும் தீங்கற்ற புள்ளி அது, பெரிதாகிப் படராது. ஆனால் வெளிறிய தேமல் ஒன்றில் தொடு உணர்ச்சி மரத்துப்போயிருந்தால் அது வேறு விஷயம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கு அங்கே மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

எதைப் பார்த்ததும் மருத்துவரிடம் ஓட வேண்டும்

நம் நிறத்துத் தோலில் தோல் புற்றுநோய் குறைவு. குறைவு என்பதாலேயே தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். ஒரு பாதி மறு பாதிபோல இல்லாத புள்ளி, கிழிந்ததுபோல ஒழுங்கற்ற விளிம்பு, ஒரே புள்ளிக்குள் கறுப்பும் பழுப்பும் நீலமும் சிவப்பும் கலந்திருப்பது, 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்முனையை விடப் பெரிதாக இருப்பது, சில மாதங்களில் மாறிக்கொண்டே வருவது ஆகிய இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். ரத்தம் கசிவது, ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், முத்துபோலப் பளபளக்கும் ஓரத்தோடு வளரும் கட்டி ஆகியவையும் அப்படித்தான்.

நம் மக்களுக்கு மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் வருகிறது. வெயிலுக்கும் அந்த இடங்களுக்கும் பெரிய தொடர்பு இல்லை. உள்ளங்காலில் புதிதாக ஒரு கருந்திட்டோ, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடோ தெரிந்தால், முள் குத்தியது என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கே காட்டுவது? தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. மதுரைக்குப் போகிறவர்களுக்கு ராஜாஜி மருத்துவமனை. டெர்மட்டோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தோலில் வைத்துப் பார்ப்பார்கள். வலிக்காது, இரண்டு நிமிட வேலை. சந்தேகம் வந்தால் மட்டும் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எரிப்பதும் லேசர் வைப்பதும் அதற்குப் பிறகுதான். பார்க்காமல் எரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இரண்டாம் படி: வீட்டில் இருக்கும் கிரீமைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள்

புதிதாக எதையும் பூசுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். இப்போது பூசிக்கொண்டிருப்பதன் அட்டையை எழுத்து விடாமல் படியுங்கள்.

பெட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் ஆள் விழுவது. மாதங்கள் போனால் தோல் மெலிந்து, ரத்த நாளம் சிவப்பு நூலாகத் தெரிந்து, பருவும் பூனை முடியும் வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும், அதனால் மறுபடி பூசுவார்கள். இந்தச் சுழலில் சிக்கியவர்களைப் பார்த்துப் பார்த்தே இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயர் வைக்க வேண்டி வந்தது. ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை 2018-ல் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு ஆக்கியது. சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்களைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்தது பாதரசம். எல்லைப் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கைமாறும் டப்பாக்கள் அதிகம். 2023-ல் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் சிலரை மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலானவர்கள் வெளுப்புக் கிரீம் பூசியிருந்தது தெரிந்தது. அதில் பாதரசம் இருந்தது. அதே ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்து அழகுப் பொருள் கடைகளில் சோதனை நடத்திச் சரக்குகளைப் பறிமுதல் செய்தது. பாதரசம் தற்செயலாகக் கலந்தால்கூட முகக் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. தயாரித்தவர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, கலோமெல் (பாதரச உப்பு) என்று போட்டிருக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள். பூசிக்கொண்டிருந்தவருக்குக் கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.

சமையலறை வைத்தியமும் இங்கேயே முடித்துவிடுகிறேன். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பது மிகக் கெடுதல். எலுமிச்சையில் இருக்கும் ஃபுரோகூமரின் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோல் வெந்து, ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். என் அத்தை இப்படித்தான் கன்னத்தில் இருந்த ஒரு புள்ளியை உள்ளங்கை அகலத் திட்டாக ஆக்கிக்கொண்டார். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, சேங்கொட்டை எண்ணெய் தொட்டு வைப்பது எல்லாம் தோலை வேகவைக்கும் வேலை, தழும்பு நிச்சயம். தயிர், கற்றாழை, கஸ்தூரி மஞ்சள் கெடுதல் செய்யாது. தோல் கொஞ்சம் மிருதுவாகும். புள்ளி போகாது.

மூன்றாம் படி: நிழல்

மருந்தை விட இதுதான் பெரிது. வெயிலைத் தடுக்காமல் கிரீம் பூசுவது, வாய்க்காலை அடைக்காமல் தண்ணீர் இறைப்பது போல.

துணியிலிருந்து ஆரம்பிக்கலாம். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் நம் பெண்களின் பழக்கம் அருமையானது. சட்டை எது என்பதில்தான் விஷயம். துவைத்துத் துவைத்து நைந்துபோன வெள்ளைப் பருத்திச் சட்டை புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது, நனைந்தால் இன்னும் மோசம். சட்டையைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மறுபக்கம் கை அசைவது தெரிந்தால் அதைத் துடைக்கிற துணியாக்குங்கள். நெருக்கமாக நெய்த அடர்நிறச் சட்டை நல்லது. தலையில் துண்டு மட்டும் கட்டினால் கன்னத்துக்கு நிழல் விழாது, சுற்றிலும் நாலு விரல் விளிம்புள்ள தொப்பி வேண்டும். பைக் ஓட்டுகிறவர்கள் கையுறை போடுங்கள், புள்ளி முதலில் வருவது புறங்கையில்தான்.

அடுத்து சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் 30 என்றால் யு.வி.பி-யில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டாம். 30-க்குக் குறையாமல், பி.ஏ என்ற எழுத்துக்குப் பின்னால் மூன்றோ நான்கோ கூட்டல் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது யு.வி.ஏ-வுக்கான காப்பு. நம் நிறத்துத் தோலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட நம் தோலைக் கறுக்கவைக்கும், மங்கு இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும். மகள் கல்யாணத்துக்கு அவசரப்பட்ட அந்த அக்காவுக்கும் நான் இதைத்தான் கொடுத்தேன். பூசிய உடனே புள்ளியை ஓரளவு மறைத்தும் விடும்.

அளவில்தான் எல்லோரும் தவறுவது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடு போட்டதுபோலப் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒருமுறைக்கு. புறங்கைகளுக்குத் தனியாக எடுக்க வேண்டும். 50 கிராம் ட்யூப் இரண்டு மாதம் வந்தால் நீங்கள் பூசுவது பெயருக்குத்தான். வெளியே கிளம்ப கால் மணி நேரம் முன்பு பூசுங்கள், திறந்தவெளியில் வியர்த்து வேலை செய்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தோட்ட வேலையில் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்வது: காலையில் ஒருமுறை, மதியச் சோற்றுக்குக் கை கழுவிச் சாப்பிட்டு முடித்ததும் ஒருமுறை, மீதியைச் சட்டையும் தொப்பியும் பார்த்துக்கொள்ளட்டும். தினமும் வாங்க வசதி இல்லை என்றால் துணிக்கும் தொப்பிக்கும் முதலில் செலவழியுங்கள்.

நான்காம் படி: இரவுப் பூச்சு

ஆரம்பிக்கும் முன், ஜன்னல் ஓரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் புள்ளியைப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து. மாதம் ஒருமுறை அதே மாதிரி. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாமல் பாதியில் விட்டுவிடுவார்கள், படம் இருந்தால் தெரியும்.

தோலின் மேல்படலம் புதிதாக மாறச் சிறுவயதில் நாலு வாரம் ஆகும், வயது ஏற ஏற ஆறு வாரம்கூட ஆகும். நிறமி அந்தப் படலத்தோடு மேலே வந்து உதிர்ந்தால்தான் புள்ளி மங்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

நானாக யாருக்காவது சொல்வதென்றால் அசெலாயிக் அமிலத்தில் ஆரம்பிக்கச் சொல்வேன். 10 முதல் 20 சதவீதத்தில் கிடைக்கிறது. கூடுதலாக நிறமி செய்யும் செல்களை அடக்கும், சாதாரணத் தோலை வெளுக்காது, கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுப் பூசலாம். முதல் சில நாள் ஊறல் எடுக்கும், பிறகு பழகிவிடும். நியாசினமைடு 4, 5 சதவீதம் இதோடு ஒத்துப்போகும். வைட்டமின் சி சீரம் காலையில் சன்ஸ்கிரீனுக்கு அடியில் பூசுவது. பாட்டிலுக்குள் பழுப்பாக மாறிவிட்டால் அதன் வீரியம் போய்விட்டது, நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரமே மாறும்.

ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் தோலை வேகமாக மாறவைக்கும், வெயில் புள்ளிக்கு நல்ல மருந்து. மருத்துவர் சீட்டு வேண்டும். முகம் கழுவி, ஈரம் போகக் கால் மணி நேரம் காத்திருந்து, முகம் முழுவதுக்கும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் உரிந்து சிவந்தால் இரண்டு நாள் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு பூசினால் அந்த எரிச்சலே நம் தோலில் புதுக் கறுப்பை உண்டாக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் தொடக் கூடாது.

ஹைட்ரோகுவினோன் 2 முதல் 4 சதவீதம். பலன் அதிகம், தவறாகப் பூசப்படுவதும் அதிகம். பட்ஸ் நுனியால் புள்ளியின் மேல் மட்டும் இரவில் தொட்டு வையுங்கள். சுற்றியுள்ள தோலில் பட்டால் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். மூன்று மாதம் பூசி நிறுத்த வேண்டும். வருடக்கணக்கில் பூசினால் கன்னத்தில் நீலக் கறுப்பாக ஒரு படிவு விழும். ஓக்ரோனோசிஸ் என்ற அது கிட்டத்தட்டப் போகவே போகாது. கிரீம் பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். இதுவும் கர்ப்பத்தில் கூடாது.

எந்தப் புது மருந்தையும் முதலில் முன்கையின் உட்புறம் பட்டாணி அளவு பூசி மூன்று நாள் பாருங்கள். மூன்று மருந்தை ஒரே இரவில் ஆரம்பிக்காதீர்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஐந்தாம் படி: மருத்துவர் கையால்

மூன்று மாதப் பூச்சுக்கும் அசையாத புள்ளிக்கு இது. மருந்துக்கடையோ அழகுநிலையமோ செய்யும் வேலை இல்லை.

திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. அதைத் தொட்டு வைத்து உறையவைப்பது கிரையோதெரப்பி. நிறமி செல்கள் மற்றச் செல்களை விடக் குளிருக்குச் சீக்கிரம் சாகும், மைனஸ் 5 டிகிரி சுற்றிலேயே. மருத்துவம் வேலை செய்வது அதனால்தான், நம் தோலுக்கு ஆபத்தும் அதனால்தான். கொஞ்சம் கூடிப்போனால் கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில் நிரந்தர வெள்ளைப் புள்ளி நிற்கும். வெளுத்த தோல்காரர்களுக்குச் சரி. நம் நிறத்துக்கு நான் முதலில் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கிளைக்காலிக் அமிலம் வைத்து மேல்படலத்தை உரிக்கும் பீல் ஒன்று இருக்கிறது. குறைந்த வீரியத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாறு தடவை. மெதுவான வழி, ஆனால் ஆபத்து குறைவு.

லேசரில், நிறமியை மட்டும் நொறுக்கும் கியூ ஸ்விட்ச்டு என்டி யாக் என்ற வகையைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். 532 நானோமீட்டர் அலைநீளம் வெயில் புள்ளியை ஓரிரு தடவையிலேயே எடுத்துவிடும், கறுத்த தோலில் பின்விளைவும் அதற்கு அதிகம். 1064 நானோமீட்டர் மெதுவானது, நமக்குப் பாதுகாப்பானது. ஐ.பி.எல் என்று சொல்லி வைக்கும் வெளிச்சம் வெளுத்த தோலுக்காக வந்தது. நம் தோலில் கட்டம் கட்டமாகச் சூடு வைத்ததுபோல ஆகிவிடும். மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த லேசர், எந்த அலைநீளம், என் நிறத்தில் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், முதலில் ஒரே ஒரு புள்ளியில் வைத்து ஒன்றரை மாதம் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு மறுப்பு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

லேசர் வைத்த இடம் பொருக்குக் கட்டி ஏழு முதல் பத்து நாளில் தானாக விழும். பெயர்க்கக் கூடாது. பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் தடவுங்கள். ஒரு மாதம் கழித்துப் புள்ளி முன்னைவிடக் கறுத்துத் திரும்பி வந்ததுபோலத் தெரியலாம். பயந்துபோய் மறுபடி லேசர் வைத்துவிடாதீர்கள். அது சூட்டுக்குப் பின் வரும் கறுப்பு, சன்ஸ்கிரீனோடு சில மாதத்தில் மங்கும். மாசி, பங்குனியில் இதைச் செய்துகொள்வதை விட ஐப்பசிக்கு மேல் செய்வது நல்லது, வெயில் தணிந்திருக்கும். ட்ரெட்டினாயின் பூசுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

மங்கிய பிறகு

ஹைட்ரோகுவினோனை நிறுத்திவிட்டு, அசெலாயிக் அமிலத்தை வாரத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் தொடருங்கள். சன்ஸ்கிரீனும் சட்டையும் தொப்பியும் நிற்கக் கூடாது. அந்த இடத்து மெலனோசைட்டுகள் வெயிலை மறப்பதில்லை, ஒரு கோடைக்காலம் திறந்து விட்டாலே புள்ளி திரும்பிவிடும். பழைய படங்களை அழிக்காமல் வைத்திருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், புதிதாக வந்ததும் வடிவம் மாறியதும் அதில்தான் தெரியும்.

அந்த அக்கா ஆவணி கடைசியில் மறுபடி வந்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு, போனில் நாலு படத்தை வரிசையாகக் காட்டினார். பெரிய புள்ளி இரண்டும் பாதிக்கு மேல் மங்கியிருந்தன, சின்னவை தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று மாத ஹைட்ரோகுவினோன் அந்த வாரத்தோடு முடிகிறது என்று சீட்டில் தேதியைக் காட்டி, இனி அதை வாங்க வர வேண்டாம் என்றேன். சன்ஸ்கிரீன் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டார்.